தொண்ணூற்றாறு முறை பாதியாக்கினால்

நெய்வேலி நகரியத்தில் நாம் எண்களோடு வாழ்கிறோம். வட்டத்திற்கு ஓர் எண். வீட்டிற்கு ஓர் எண். பணியாளருக்கும் ஓர் எண். எண் வந்தவுடன் ஆள் மறைந்துவிடுகிறாரோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. நம் ஆகமங்கள் காட்டும் ஒரு பேரெண் அவ்வையத்தை மீண்டும் கிளறியது.

79228162514264337593543950336. இருபத்தொன்பது இலக்கங்கள். பர்யாப்த மனிதரின் தொகை இது என்பது ஆகம மரபு. பத்தாம் நூற்றாண்டினராகிய நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, தம் கோம்மடசாரத்தில் இதனை இரண்டின் ஐந்தாம் வர்க்கத்தினுடைய கனம் என்பார். இரண்டின் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, பின்னர் 256, 65536, ஐந்தாவது 4294967296. அதனை மூன்று இடத்து வைத்துப் பெருக்க மேற்கண்ட எண் வரும். சுவேதாம்பரரின் அனுயோகத்வார சூத்திரமோ ஐந்தாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கத்தால் பெருக்கச் சொல்கிறது. ஐந்தாவதைத் தன்னாலேயே பெருக்கியதுதான் ஆறாவது. ஆதலின் விடை ஒன்றே.

இன்றைய உலக மக்கள்தொகை 800 கோடிக்குச் சற்று மேல். ஐந்தாம் வர்க்கத்தின் இரு மடங்கைக்கூட எட்டவில்லை. ஆகமம் கூறும் மனித உலகம் இரண்டரைத் தீவு. அதனை நம் கணக்கெடுப்போடு ஒட்டவைக்க முயலும் வாதங்கள் எனக்கு உவப்பானவை அல்ல.

என்னைக் கவர்ந்தது இவ்வெண்ணின் அளவன்று, இயல்பு. இதனைப் பாதியாக்குக, மீண்டும் பாதியாக்குக. 96 முறையும் மீதியே வாராது. இறுதியில் நிற்பது 1. இவ்வாறு பாதியாகும் தடவைகளை அர்த்தச்சேதம் என்று தவளத்தில் வீரசேனாசாரியர் வழங்குவார். இனி, தொடக்க எண்ணிலிருந்து ஒன்றே ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். அது ஒற்றைப்படையாகிவிடும், ஒருமுறைகூட மீதியின்றிப் பாதியாகாது. இருபத்தொன்பது இலக்கத்தில் ஒருவர் குறைந்தால் என்ன என்று கேட்பவருக்குக் கணிதம் தரும் விடை இது. எண்கள் அறம் போதிப்பதில்லை என்பதை அறிவேன். நாற்பதாண்டுகள் கணக்கு நடத்தியவள் நான். எனினும் நிகோத ஜீவன்களை அனந்தம் என்ற ஆகமம், பர்யாப்த மனிதரை எண்ணத்தக்கோராக வைத்தது. எண்ணப்பட்டவர் காணாமற் போனால், எவரேனும் தேட வேண்டும் அல்லவா?

ஆசிரியப் பயிற்சியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிச் சரிபார்க்க எங்களுக்குக் கற்பித்தனர். ஓராண்டு என் வகுப்பில் 42 மாணவியர். நாள்தோறும் 41 என்று எழுதி, கூட்டல் சரியென்று கையொப்பமிட்டு வந்தேன். வாராதவள் நாள்தோறும் ஒருத்தியே என்பதை மூன்றாம் வாரத்தில்தான் கண்டேன். வீடு தேடிச் சென்றேன். தாய் நோயுற்றுக் கிடந்தார். அவள் தம்பியை இடுப்பில் சுமந்தபடி அடுப்படியில் நின்றிருந்தாள்.

"முதல் வாரம் பூராவும் நீங்க வருவீங்கன்னு பார்த்தேன், டீச்சர்" என்றாள்.

அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை.