கிழிபடாத ஓலை

குன்றத்தூர்ச் சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஆள் கேட்பவர் நேரில் வருகிறார். முதிய அந்தணராக வந்த சிவன் ஆளோலை காட்டி, மணக்கோலத்திலிருக்கும் சுந்தரரைத் தன் அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். அவமதிப்புதான், ஆனால் கிழிப்பதும் ஒரு பதில்.

இன்று இதே ஊர்ப் பையன்கள் கணினி வேலைக்காக நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் அனுப்பும் ஓலைகளைக் கிழிக்கவும் ஆளில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அனுபவஸ்தர்களும் இந்த வரிசைக்கு வந்துவிட்டார்கள். பல இடங்களில் விண்ணப்பத்தை முதலில் சலிப்பது மென்பொருள். விளம்பரத்தின் சொற்களை அது தேடுவதால், விண்ணப்பிப்பவன் அச்சொற்களைத் தன் வாழ்க்கைக்குள் எழுதிக்கொள்கிறான். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்படிப் பத்துத் தடவை தன்னைத் திருத்தி எழுதியவனுக்கு, எந்தத் தன்னை வேண்டாமென்றார்கள் என்பதே தெரிவதில்லை. சுந்தரருக்கு வழக்காடத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை இருந்தது. மௌனத்தோடு எங்கே போய் வழக்காடுவது?

பதில் சொல்வது மரியாதை மட்டும்தானா? கடன் என்பேன். விளம்பரம் கொடுத்து ஓலை கேட்டவர்கள் அவர்கள். (எங்கள் கௌண்டரில் அடிக்கட்டை கொடுக்காமல் பணம் வாங்கிப் பார்க்கட்டும்.) ஆயிரம் பேருக்கு எப்படி எழுதுவது என்கிறார்கள். 'பெற்றுக்கொண்டோம்' என்று ஆயிரம் பேருக்கும் உடனே சொல்லத் தெரிந்த இயந்திரத்துக்கு 'இல்லை' என்று சொல்லவும் தெரியும்.