உடன்வரவும் உடன்பாடும்

பனிக்காலத்தில் நாயையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் சென்று, காட்டோரங்களிற் கூடாரமிட்டுத் தங்கும் வழக்கம் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலரிடம் உண்டு. வண்டியின் கதவு திறந்ததும் நாய் தானாகவே பாய்ந்து ஏறுகின்றது. இவ்வுடன்வரவை உடன்பாடு எனக் கொள்ளலாமா? அற்பமாகத் தோன்றும் இவ்வினா அறவியலின் அடிப்படைப் பிரச்சினையொன்றைத் தொடுகின்றது.

உடன்பாடு என்பது அறிவை வேண்டி நிற்பது. போகுமிடம், இரவின் குளிர், திரும்பும் நாள் ஆகியவற்றை மனிதன் அறிவான். நாய் அறிவது யார் போகின்றார் என்பதை மாத்திரமே. எனவே, அது இணங்குவது பயணத்துக்கன்று, மனிதனுக்கே.

இந்நம்பிக்கை எவ்வாறெல்லாம் பயன்படுத்தப்படலாம் என்பதற்கு அந்தாட்டிக்கப் பயண வரலாறு சான்றாகும். 1911 ஒக்ரோபரில் றோல்ட் அமுண்ட்சென் நால்வரோடும் 52 நாய்களோடும் தென்துருவம் நோக்கிப் புறப்பட்டார். பனிமேட்டின் உச்சியை அடைந்ததும் 24 நாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, மனிதருக்கும் எஞ்சிய நாய்களுக்கும் உணவாயின. இது திடீர் முடிவன்று. முன்னரே வகுத்த திட்டம். 1912 சனவரியில் மனிதர் ஐவரும் மீண்டனர்; நாய்கள் பதினொன்றே மீண்டன. அதே துருவத்தை அடைந்த ஸ்கொட் குழுவினர் ஐவரும் திரும்பும் வழியில் மாண்டனர் என்பதை நினைந்து, பயன்வாதி அமுண்ட்செனை நியாயப்படுத்தக்கூடும். ஆயினும், வண்டியை இழுத்த உயிரின் நம்பிக்கை தொடக்கத்திலேயே இறைச்சியாகக் கணக்கிடப்பட்டது என்ற உண்மை அதனால் அழிந்துவிடாது.

விடுமுறைப் பயணிக்கோ அத்தகைய நிர்ப்பந்தம் எதுவுமில்லை. ஆதலின் அவனது கடமை பெரிது. நனைந்த உரோமம் குளிரைத் தடுக்காது; விரலிடுக்கில் உறையும் பனி பாதத்தைப் புண்ணாக்கும்; வெறுந்தரை உடற்சூட்டைக் கவரும். மூடிய கூடாரத்துள் எரியும் அடுப்பின் காபனோரொட்சைட்டு இருவரையுமே கொல்லவல்லது. இவற்றை நாய் முன்கூட்டி அறியாது. அறிந்தவன்மீதே பொறுப்புச் சார்கின்றது.

அவ்வாறாயின் நாயை அழைத்துச் செல்லாதிருப்பதே அறமாகுமா எனச் சிலர் வினவலாம். அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. தனிமையிற் பூட்டி வைத்தலும் துன்பமே. பனியில் ஓடும் நாயின் மகிழ்ச்சியும் பொய்யன்று. தேவைப்படுவது வேறொன்று. மகாபாரதத்தின் இறுதிப் பயணத்திலே, துணைவியும் தம்பியரும் வீழ்ந்த பின்னர், தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுத் தேரேற மறுக்கின்றான் தருமன். இது கருணைக்கு எடுத்துக்காட்டாகவே பெரிதும் பேசப்படுகின்றது. ஆயின் ஈண்டு நோக்கற்பாலது, அவன் தன் இலக்கையே இழக்கத் துணிந்தமையாகும். அமுண்ட்சென் இலக்குக்காக நாய்களைக் கொடுத்தார். தருமனோ நாய்க்காக இலக்கைக் கொடுக்க முன்வந்தான்.

உயிரொன்றை உடனழைத்துச் செல்லும் உரிமை, அதன்பொருட்டுத் திரும்பிவரும் ஆயத்தத்திலேயே தங்கியுள்ளது. பனியில் ஊன்ற இயலாது நாய் பாதத்தைத் தூக்கி நிற்கும்போது, அதுவே அதன் மறுப்புரை. அதைக் கண்டு, எண்ணிய இடத்தை அடையாமலே வண்டியைத் திருப்புபவன்தான் அதனை அழைத்துச் செல்லத் தகுதியுடையவன்.