கைமாறும் நேரத்தில் கொடுத்த வாக்கு

2022 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் சி.என்.என். நிறுவனம் ‘சி.என்.என். பிளஸ்’ என்ற கட்டண ஓ.டி.டி. சேவையைத் தொடங்கியது. மாதச் சந்தா 5.99 டாலர். முதல் நான்கு வாரத்துக்குள் சேருகிறவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பாதி விலை என்று ஒரு சலுகையும் இருந்தது. அந்த நான்கு வாரம் முடியுமுன்பே, ஏப்ரல் 21 அன்று, சேவையை மூடப்போவதாக ஊழியர்களைக் கூட்டி அறிவித்துவிட்டார்கள். ஏப்ரல் 28 அன்று எல்லாம் முடிந்தது. சலுகையில் சொன்ன ஆயுள் யாருடையது என்பது சந்தாதாரர்களுக்கு அப்போதுதான் விளங்கியிருக்கும்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் வணிக உலகின் வேடிக்கையாகவே சொல்லிவருகிறார்கள். சுமார் 30 கோடி டாலர் செலவு, ஒரு மாத வாழ்வு. சிரிக்காமல் இருப்பது கடினம்தான். போனது முதலாளிகளின் பணம், அதற்காக அழ அவர்களுக்கே ஆட்கள் இருக்கிறார்கள். அறத்தின் பக்கம் நின்று கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிறுவனம் இன்னொருவர் கைக்குப் போகப்போகிறது என்று தெரிந்த நிர்வாகம், கைமாறிய பிறகும் காப்பாற்றப்பட வேண்டிய வாக்குகளைக் கொடுக்கலாமா? கொடுத்துவிட்டால் அந்த வாக்குக்குக் கடன்பட்டவர் யார், கொடுத்தவரா, வந்து சேர்ந்தவரா?

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் பாதி தெளிந்துவிடும். 2018 ஜூனில் டைம் வார்னர் நிறுவனத்தை வாங்கியபோது, அதோடு சேர்ந்து சி.என்.என்.னும் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யின் கைக்கு வந்தது. மூன்றே ஆண்டில் அதற்கு அலுத்துவிட்டது. வார்னர்மீடியா என்று பெயர் மாறியிருந்த டைம் வார்னரைப் பிரித்து டிஸ்கவரி நிறுவனத்தோடு இணைக்கப்போவதாக 2021 மே மாதம் அறிவித்தது. சி.என்.என். பிளஸ் பற்றிய அறிவிப்பு வந்தது அதற்கும் பிறகு, ஜூலையில். அதாவது விற்பனைப் பலகை மாட்டிய பிறகுதான் புதிய கடைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஃபாக்ஸ் நியூஸிலிருந்து கிறிஸ் வாலஸ், என்.பி.சி.யிலிருந்து கேசி ஹன்ட், என்.பி.ஆர். வானொலியிலிருந்து ஆடி கார்னிஷ் என்று பெரிய பெயர்கள் வந்தன. அவர்களுக்குப் பின்னால் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான தயாரிப்பாளர்கள், படத்தொகுப்பாளர்கள், மென்பொருள் ஆட்கள்.

திட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் இருவர்: சி.என்.என். தலைவர் ஜெஃப் சக்கர், வார்னர்மீடியாவின் தலைமைச் செயல் அதிகாரி ஜேசன் கைலார். சக ஊழியர் ஒருவருடனான உறவை வெளிப்படுத்தத் தவறியதற்காக சக்கர் 2022 பிப்ரவரி 2 அன்று பதவி விலகினார். கைலார் விலகப்போவதாக ஏப்ரல் 5 அன்று சொன்னார். ஏப்ரல் 8 அன்று இணைப்பு நிறைவேறி, டிஸ்கவரியை நடத்திவந்த டேவிட் சாஸ்லவ் தலைமையில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி பிறந்தது. சேவை தொடங்கி அப்போது பத்து நாள் ஆகியிருந்தது.

அந்தப் பத்து நாளில்தான் இந்த விவகாரத்தின் அறச்சிக்கல் இருக்கிறது. இணைய ஒப்பந்தம் போட்ட இரண்டு நிறுவனங்கள், இணைப்பு முறைப்படி நிறைவேறும் நாள்வரை தனித்தனிப் போட்டியாளர்களாகவே நடக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். வாங்குபவர் விற்பவரின் வணிகத்தில் தலையிட்டு, இதைத் தொடங்கு, அதை நிறுத்து என்று கட்டளையிட்டால் அது சட்டமீறல், அபராதம் உண்டு. சேர்ந்த பிறகு என்ன செய்யலாம் என்று திட்டம் போடலாம், நிறைவேற்றத்தான் கூடாது. ஆகவே சாஸ்லவ் தரப்பு ‘பொறுங்கள்’ என்று உத்தரவிட முடியாது. நல்ல காரணத்துக்காக எழுதப்பட்ட சட்டம்தான் இது. இணைப்பு நடக்குமா நடக்காதா என்று தெரியாத காலத்தில் இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் நுகர்வோருக்குத்தான் நட்டம்.

சட்டம் தடுத்தது கட்டளையைத்தான். எதிரே வருவதைப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. டிஸ்கவரியின் நிதித் தலைவர் குன்னர் வீடன்ஃபெல்ஸ் மார்ச் 14 அன்று ஒரு முதலீட்டாளர் மாநாட்டிலேயே, வார்னர்மீடியாவின் எச்.பி.ஓ. மேக்ஸையும் தங்கள் டிஸ்கவரி பிளஸ்ஸையும் ஒரே சேவையாக்குவதுதான் திட்டம் என்று சொல்லிவிட்டார். இரண்டு பெரிய சேவைகளையே ஒன்றாக்கப்போகிறவர்கள், நேற்று முளைத்த மூன்றாவது ஒன்றைத் தனியாக வைத்து வளர்ப்பார்களா? இது ரகசியமாகக் காதில் சொன்ன சேதி இல்லை, மேடையில் சொன்னது. அதைக் கேட்ட பதினைந்தாம் நாள் சி.என்.என். பிளஸ் கதவு திறந்தது.

வீட்டை விற்க முன்பணம் வாங்கியவர், பத்திரப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாடிப் போர்ஷனில் ஒரு குடும்பத்தைக் குடிவைக்கிறார். அன்றைய தேதியில் வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது, சட்டம் குறுக்கே நிற்காது. வாங்குபவர் இடித்துக் கட்டப்போகிறார் என்பது தெருவுக்கே தெரியும். ஒரு மாதத்தில் அந்தக் குடும்பம் சாமான்களோடு வாசலில் நிற்கும்போது யாரை நோவது? இடிப்பவரைத் திட்டுவது சுலபம், அவர்தான் கண்முன்னே நிற்கிறார். குடிவைத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இணைப்பு என்று சொல்லிவிட்டதாலேயே ஒரு நிறுவனம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. ஏ.டி. அண்ட் டி. டைம் வார்னரை வாங்கிய கதையே சாட்சி. 2016 அக்டோபரில் அறிவித்தது, அரசு வழக்குப் போட்டதால் 2018 ஜூன்வரை இழுத்தது. அத்தனை காலம் புதிதாக எதையும் தொடங்காமல் இருந்திருந்தால், கைமாறுவதற்குள் நிறுவனமே செத்திருக்கும். பங்குதாரருக்கும் ஊழியருக்கும் அதுவும் துரோகம். இணைப்பு முறிந்துபோகவும் கூடும். எனவே கடைசி நாள்வரை வழக்கம்போல் நடத்துவதே நிர்வாகத்தின் கடமை என்று வாதிடலாம்.

2021 ஜூலையில் இந்த வாதம் செல்லும். ஆட்களை எடுத்தது, அரங்கம் அமைத்தது, மென்பொருள் எழுதியது எல்லாவற்றையும் இதைக் கொண்டு நியாயப்படுத்திவிடலாம். 2022 மார்ச் கடைசியில் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் டிசம்பரிலேயே ஒப்புதல் தந்துவிட்டது. அமெரிக்க அரசின் ஆய்வும் பிப்ரவரியில் முடிந்துவிட்டது. டிஸ்கவரியின் பங்குதாரர்கள் மார்ச் 11 அன்று வாக்களித்து இசைந்தார்கள். நடக்குமா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை, எந்த நாள் என்பதுதான் பாக்கி. அந்தக் கட்டத்தில் அவசரமாகத் திறப்பதற்கு வணிகக் காரணம் தேடினால் அகப்படுவது குறைவு. புதியவர் வந்தால் அனுமதிக்க மாட்டார், திறந்துவிட்டால் மூடத் தயங்குவார் என்ற கணக்காக அது இருந்திருந்தால், சந்தாதாரர்களையும் ஊழியர்களையும் பணயமாக வைத்து ஆடிய ஆட்டம் அது. அப்படிக் கணக்கே போடாமல், நம்பிக்கையின் வேகத்தில் திறந்திருந்தாலும் பொறுப்பு குறையாது. பிறர் பிழைப்பைக் கையில் வைத்திருப்பவர் நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

‘இணைப்பு வரப்போவது ஊருக்கே தெரியும், தெரிந்துதானே வேலைக்கு வந்தார்கள்?’ என்றும் கேட்கலாம். கேட்பவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். பதினெட்டு ஆண்டு ஃபாக்ஸில் இருந்துவிட்டு வந்த வாலஸுக்குப் பேரம் பேச முகவர் உண்டு, ஒப்பந்தத்தில் பாதுகாப்பு எழுதி வாங்கும் பலம் உண்டு. அவருடைய நேர்காணல் நிகழ்ச்சி பிறகு எச்.பி.ஓ. மேக்ஸுக்கும் சி.என்.என்.னுக்கும் போயிற்று, கார்னிஷும் சி.என்.என்.னிலேயே தங்கினார். இருந்த வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு படத்தொகுப்பாளருக்கு அந்த வாசல்கள் அப்படித் திறப்பதில்லை. தகவல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். அதை எடைபோடும் வசதியும், தவறினால் தாங்கும் வசதியும் பொதுவாக இல்லை. வேலைக்கு எடுத்தவர்களின் கடமை, அந்த ஆபத்தை நியமனக் கடிதத்திலேயே எழுதி, சேவை மூடப்பட்டால் இத்தனை மாதச் சம்பளம் என்று முன்கூட்டியே உறுதி தருவது. அந்த உறுதி கடைசியில் புதிய நிர்வாகத்தின் வாயிலிருந்துதான் வந்தது: 90 நாள் சம்பளத்தோடு உள்ளேயே வேறு வேலை தேடலாம், கிடைக்காதவர்களுக்குக் குறைந்தது ஆறு மாத ஈட்டுத்தொகை.

சந்தாதாரர் தரப்பு நட்டம் சிறிது; மீதி நாட்களுக்கான பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சி.என்.என்.னின் பிரதான நேரலை அலைவரிசை இந்தச் சேவையில் கிடைக்கவில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று சி.என்.என்.னுக்குப் பணம் கட்டும் கேபிள் நிறுவனங்களோடு உள்ள ஒப்பந்தம் அதற்கு இடம் தரவில்லை. உக்ரைன் போர் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்த நேரம் அது. உலகமே சி.என்.என்.னை எதற்காகப் பார்த்ததோ அது பழைய கேபிள் இணைப்பில் ஓடிக்கொண்டிருக்க, பெயரில் ‘பிளஸ்’ போட்டுப் பணம் வாங்கிய சேவையில் நேர்காணல்களும் ஆவணப்படங்களும் ஓடின. ஏமாற்று என்று சொல்ல முடியாது, விவரம் மறைக்கப்படவில்லை. ஆனால் பெயரின் மதிப்பை விற்றார்கள், பெயருக்கு மதிப்பு தந்த சரக்கை விற்கவில்லை.

இனி மூடியவர்கள். 23 நாளில் ஒரு சேவை தேறுமா தேறாதா என்று யாராலும் சொல்ல முடியாது. நாளொன்றுக்குப் பார்ப்பவர்கள் 10,000க்கும் குறைவு என்று ஒரு கணக்கு செய்திகளில் வந்தது. சந்தாதாரர் 1,50,000 பேர் என்று இன்னொரு கணக்கு வந்தது. இரண்டும் வேறு வேறு அளவுகள், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் எந்த எண்ணும் இங்கே தீர்ப்பை எழுதவில்லை. தனித்தனிச் சேவைகள் வேண்டாம், எல்லாம் ஒரே குடையின்கீழ் வேண்டும் என்பது புதிய நிர்வாகம் முன்பே எடுத்த முடிவு. தலையில் சுமார் 5,500 கோடி டாலர் கடன். 300 கோடி டாலர் மிச்சம் பிடித்துக்காட்டுவதாக முதலீட்டாளர்களுக்கு வாக்கு. அந்த வாக்குக்கு முன்னால் பார்வையாளருக்குக் கொடுத்த வாக்கு நிற்கவில்லை.

அப்படியானால் சாஸ்லவ்தான் குற்றவாளியா? அவசரப்பட்டு ஆம் என்று சொல்லத் தோன்றும். சுமார் 9 கோடி டாலர் செலவில் எடுத்த ‘பேட்கேர்ள்’ படத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிடாமலே இதே நிர்வாகம் கிடப்பில் போட்டதை நினைத்தால் அந்தச் சாய்வு இன்னும் கூடும். ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவருக்குச் சாதகமாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்ட ஒன்றை முகத்துக்காக ஓராண்டு இழுத்து, இன்னும் நூறு பேரை வேலைக்கு எடுத்து, அப்புறம் மூடுவது கொடுமை. செலவழிந்த 30 கோடியைக் காட்டி, வரும் நான்கு ஆண்டுக்குத் திட்டமிட்டிருந்த 100 கோடியையும் இறைக்கச் சொல்வது அறிவீனம். சீக்கிரம் மூடியதும், ஆறு மாதச் சம்பளத்தை அறிவித்ததும் சரி. ஆனால் அதைப் பெருந்தன்மை என்று யாராவது எழுதினால் ஒப்புக்கொள்ள முடியாது. நிறுவனத்தை வாங்கியவர் அதன் சொத்தோடு வாக்குகளையும் சேர்த்தே வாங்குகிறார். அது அடைக்க வேண்டிய பாக்கி, அடைத்தார்கள், அவ்வளவுதான்.

2020இல் மூடப்பட்ட குவிபி சேவையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கைப்பேசியில் குட்டிப் படங்கள் காட்டுவதற்கு 175 கோடி டாலர் திரட்டி, ஏப்ரல் 6 அன்று தொடங்கி, அக்டோபரில் மூடுவதாக அறிவித்தார்கள். தோல்வியின் அளவில் சி.என்.என். பிளஸ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் நிறுவனர் ஜெஃப்ரி காட்சன்பெர்க்கும் தலைமை அதிகாரி மெக் விட்மனும் தாங்களே பெயர் போட்டு, யோசனையே போதாததாக இருக்கலாம், காலம் தவறியதாக இருக்கலாம் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். வாக்குக் கொடுத்தவரே வந்து முறித்தார், முகத்தைப் பார்த்துத் திட்டலாம். சி.என்.என். பிளஸ் ஊழியர்கள் முன்னால் அன்று நின்று பேசியவர் கிறிஸ் லிக்ட், சி.என்.என்.னின் அடுத்த தலைவராக அவர் இன்னும் முறைப்படி பொறுப்பேற்றிருக்கவில்லை. திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் கைலாரும் அங்கே இல்லை, சக்கரும் இல்லை.

யோசனை அடிப்படையில் தவறானது என்றும் சொல்வதற்கில்லை. 2024 அக்டோபரில் சி.என்.என். தன் இணையதளத்துக்கே கட்டணம் வைத்தது. 2025 அக்டோபரில் மாதம் 6.99 டாலருக்கு மறுபடியும் ஒரு கட்டண ஒளிபரப்புச் சேவையைத் தொடங்கியது. அதற்கு மூன்றரை ஆண்டு முன்பு தூக்கி எறிந்த அதே பாதை. கேபிள் இணைப்புகள் குறைந்துவரும் நாட்டில் அந்த நிறுவனத்துக்கு வேறு போக்கிடமும் அதிகம் இல்லை.

ஆகவே பழியின் பெரும்பங்கு திறந்தவர்களுடையது, மூடியவர்களுடையது சிறுபங்கு. இன்னொரு பங்கு சட்டத்துக்கும் உண்டு. இணைப்பு நிலுவையில் இருக்கும்போது போட்டியாளர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை அது கண்காணிக்கிறது, அவர்கள் பொதுமக்களிடம் விற்பதைக் கண்டுகொள்வதில்லை. கைமாறப்போகும் நிறுவனம் நீண்டகாலச் சந்தா விற்கும்போது, உரிமையாளர் மாறப்போகிறார் என்பதையும், மாறினால் பணத்துக்கும் சலுகைக்கும் என்ன ஆகும் என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று விதி செய்யலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் கடிதத்துக்கும் அதுவே பொருந்தும். இணைப்புகளுக்கு அனுமதி வழங்கும் அமைப்புகள் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.