தூரத்துப் பிள்ளைக்கும் துடக்கு

பாரிஸிலிருந்து லண்டன் ஆகாய வழியில் ஏறத்தாழ 340 கிலோமீற்றர். விமானம் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் பறக்கும். அம்மா செத்த அன்று லண்டனிலிருக்கிற தங்கச்சி அந்தத் தூரத்தைக் கடந்து பாரிஸில் கடைசித் தம்பியிடம் போய்ச் சேர்ந்தாள். தம்பியால் செத்தவீட்டுக்கு, பரந்தனுக்கு, வர முடியவில்லை. அவன் கையில் இருப்பது அகதிப் பயணப் பத்திரம். வேறு நாடுகளுக்கு அதோடு போகலாம், பிறந்த நாட்டுக்குப் போகேலாது.

தகப்பனுக்குத் தலைப்பிள்ளை, தாய்க்குக் கடைசிப்பிள்ளை கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். மூத்தவன் நான்தான் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தேன். அவன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். தாயின் சாவிலிருந்து ஒரு பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதை எதைக் கொண்டு அளப்பது?

சாத்திரம் இதை யோசித்திருக்கிறது. வெளிதேசத்தில் உறவினர் இறந்த செய்தியைப் பத்து நாளுக்குள் கேட்டால் மிச்ச நாளுக்குத் துடக்கு. அதற்குப் பிந்திக் கேட்டால் மூன்று இரவு. வருடம் கழிந்து கேட்டால் நீரைத் தொட்டாலே போதும் என்கிறது மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம். துடக்கு நாட்களை மனு சாதி பார்த்து வகுத்ததை நான் ஏற்கமாட்டேன். ஆனால் இந்த விதியில் காதக் கணக்கு இல்லை, செய்தி காதில் விழும் நேரம்தான் கணக்கு என்பது என்னை நிறுத்தி வைக்கிறது.

வன்னியில் அதை நாங்கள் வாழ்ந்து பார்த்தோம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியால் 65 கிலோமீற்றர்தான். 1996இல் யாழ்ப்பாணம் இராணுவத்திடம், நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில். யாழ்ப்பாணத்தில் பெரியப்பா இறந்தது செஞ்சிலுவைச் சங்கக் கடிதத்தில் மாதங்கள் கழித்து வந்தது. இடையில் வந்த வைகாசிப் பொங்கலுக்கு அம்மா வற்றாப்பளை அம்மனிடம் அவருடைய சுகத்துக்கு நேர்ந்துவிட்டு வந்திருந்தா. கடிதத்தைக் கண்ட பிறகுதான் முழுகினா. அதுவரை எங்கள் வீட்டில் பெரியப்பா உயிரோடுதான் இருந்தார். அந்த நேர்த்தி வீணென்று நான் நினைக்கவில்லை.

இப்போது தம்பிக்கும் எனக்கும் துடக்கு ஒரே நேரத்தில் தொடங்குகிறது. செய்திக்கு இருந்த தூரம் அழிந்துவிட்டது. உடம்புக்கு இருக்கிற தூரம் ஒரு பத்திரத்தில் எழுதிக் கிடக்கிறது. தூரமெல்லாம் மாயை என்று அவனுக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள். காலமும் நியதியும் 36 தத்துவங்களில் சேர்ந்தவை, மாயையிலிருந்து தோன்றி உயிரைக் கட்டுபவை. கட்டு மெய்யானது, ஆகவே அவன் அங்கே கிடந்து படுகிற பாடும் மெய்யானது. ஆனால் கட்டுண்டவன் பிள்ளை இல்லாமல் போய்விடுவதில்லை.

அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனோம். சங்கற்பம் இடத்தையும் நாளையும் சொல்லித்தான் தொடங்கும். அந்த இடத்தில் நில்லாதவனின் பெயரை அதில் சேர்க்கலாமோ என்று சொந்தத்துக்குள்ளேயே கேட்டார்கள். அவன் 31 நாளும் மச்சம் தொடவில்லை. வேலைக்குப் போகிற வழியிலுள்ள லா சப்பல் மாணிக்கப் பிள்ளையார் கோயில் வாசலை மிதிக்கவில்லை. குருக்களிடம் அவன் பெயரையும் நட்சத்திரத்தையும் என்னுடையதற்கு முன்னால் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். தாய்க்குக் கடைசிப்பிள்ளை அவன்தானே.