பதினோராம் வசனத்துக்கு முன்னால்

கோச்சடையில் எங்கள் சபைக்காரர் வீடுகளில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை நிலைக்கு மேல் ஒட்டியிருக்கும். எரேமியா 29:11-க்குத்தான் கிராக்கி. நல்ல முடிவு வரும் என்கிற வாக்கு. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. எழுபது வருஷம் ஆகும் என்கிறது அது!

இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடியுங்கள், உங்களைக் கொண்டுபோன அந்த ஊருக்காகவே ஜெபியுங்கள் என்கிறது. கேட்டவர்களில் பலர் திரும்பிப் போவதற்குள் செத்திருப்பார்கள். வாக்கு பொய்யில்லை, அவசரக்காரருக்கானது இல்லை, அவ்வளவுதான்.

1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது, நாம் வசனம் வசனமாகக் கத்தரித்துக்கொள்ளவா? வாட்ஸ்அப் வசனமே போதும் என்கிற என் மருமகளிடம் இதைத்தான் கேட்டேன். வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவள் அவள். ‘வீடு கட்டுங்கள்’ என்கிற ஐந்தாம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள்.