சிவந்தது சூரியன் அல்ல

குன்றத்தூர் முருகன் மலையடிவாரத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி முதுகலை இயற்பியல் படிக்கிறாள். கொடைக்கானல் ஆய்வகத்தின் சூரியப் படமொன்றைத் தன் லினக்ஸ் கணினியில், ஐ.டி.எல். மென்பொருளில் திறந்தாள். எந்த வண்ண அட்டவணையை ஏற்றினாலும் திரை முழுக்க ஒரே சிவப்பு. "ஸ்கிரீன் போயிடுச்சாண்ணா?" என்று கலங்கிப்போய்க் கேட்டாள். லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவும் முடிவில் இருந்தாள்.

திரையும் பழுதில்லை, படமும் பழுதில்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை ஓர் எண். அட்டவணையில் எத்தனையாவது நிறம் என்பதைத்தான் அது சொல்கிறது. 24 பிட் திரையிலோ மென்பொருள் அந்த எண்ணையே நேரடி நிறமாக வாசித்துவிடுகிறது. அடி 8 பிட் சிவப்புக்கு, அடுத்த 8 பச்சைக்கு, மேல் 8 நீலத்துக்கு. 255க்குள் அடங்கிய எண் சிவப்பைத் தாண்டவே முடியாது. 256ஐத் தொட்டால்தான் பச்சை தலைகாட்டும்.

எண்ணை நேரடி நிறமாக அல்லாமல் அட்டவணை வழியாக வாசிக்கச் சொல்ல, 'டிவைஸ், டிகம்போஸ்டு=0' என்று ஒரே வரி. படத்தை மறுபடி வரையச் சொன்னதும் அட்டவணையின் நிறங்கள் அத்தனையும் வந்தன. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கொடைக்கானல் ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சூரியப் படங்கள் இன்று எண்களாக நம் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. தம்பி, தங்கைகளே, நிறம் பிசகினால் எதையும் அழிக்காதீர்கள். படத்தின் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் முதலில் அச்சிட்டுப் பாருங்கள்; இரண்டும் 0 முதல் 255க்குள் இருந்தால், பிசகு எண்ணை வாசிக்கும் முறையில் இருக்கலாம்.