மாடி அறைச் சுவர்

தென்காசிப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு ஆனியும் ஆடியும் விருந்தாளி மாதங்கள். சாரல் தொடங்கிவிட்டது, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்ற சேதி போனால் போதும். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தபந்தங்கள் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக வந்து இறங்குவார்கள். எங்கள் வீட்டில் அவர்களுக்கென்று இருப்பது மாடி அறை. ஒரு கட்டில், ஒரு பெஞ்சு, சுருட்டி வைத்த பாய்கள், மேற்கே பார்த்த ஜன்னல். சுவர் மட்டும் நெடுநாளாக வெறுமையாகக் கிடந்தது. இந்த சீசனுக்கு முன்னால் அதில் குடும்பப் படங்களை மாட்டலாம் என்று தோன்றியது. தோன்றிய பிறகு, யார் படம், எந்தப் படம், எந்தச் சுவர் என்று யோசனை நீண்டுகொண்டே போனது. அவ்வப்போது நோட்டில் எழுதி வைத்தவை இவை.

*

கீழே பட்டாசாலையில் ஏற்கெனவே படங்கள் உண்டு. நிலைவாசலுக்கு மேலே தாத்தா, ஆச்சி, பெரிய தாத்தா. கண்ணாடியில் சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, பக்கத்தில் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. எல்லாப் படமும் உயரத்தில், மேல்பக்கம் முன்னால் வந்து சாய்ந்தபடி தொங்குகின்றன. பழைய வீடுகளில் இப்படித்தான் மாட்டுவார்கள். பார்ப்பவர்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும். இப்போது பட்டாசாலையில் சோபா வந்துவிட்டது. படங்கள் இன்னும் தரையைப் பார்த்தே குனிந்திருக்கின்றன.

இந்தப் படங்களில் எல்லோரும் தனியாக இருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்தும் இது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

*

டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது ஒரு கல்யாணக் குரூப் போட்டோ கிடைத்தது. கருப்பு வெள்ளை, தடித்த அட்டையில் ஒட்டியது, ஓரத்தில் ராமபாணப் பூச்சி அரித்த வளைவுகள். முன்வரிசையில் பெரியவர்கள் நாற்காலியில். பின்னால் பெண்கள் நிற்கிறார்கள். இடமிருந்து மூன்றாவதாக ஆச்சி. அதே தலைச்சாய்ப்பு, அதே பாம்படம், உதட்டோரம் அடக்கி வைத்த அதே சிரிப்பு. பட்டாசாலையில் மாலையோடு இருக்கும் படம் இதிலிருந்து எடுத்ததுதான்.

ஆச்சி இறந்த சமயத்தில் அவளுக்கென்று தனிப்படம் இருந்திருக்காது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் இல்லை. ஸ்டூடியோக்காரரிடம் குரூப் போட்டோவைக் கொடுத்து, இவர் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தாருங்கள் என்பார்கள். அவர் முகத்தை எடுத்துப் பெரிதாக்கி, பின்னணியை மறைத்து, மங்கிய இடங்களைத் தூரிகையால் தொட்டுக் கொடுப்பார். நம் ஊர் மாலைப் படங்களில் பாதி இப்படிப் பிறந்தவைதான். இன்று அதே வேலையைக் கணினியில் செய்கிறார்கள். ஆதார் அட்டையில் உள்ள முகத்துக்குப் பட்டுச்சேலை உடுத்தி, பின்னால் நீல வானம் வைத்து மாலைக்குள் தருகிறார்கள்.

குரூப் போட்டோவில் ஆச்சியின் இடது தோளில் ஒரு கை இருக்கிறது. கண்ணாடி வளையல்கள், விரல்கள் சேலை மடிப்பை லேசாகப் பற்றியிருக்கின்றன. மாலைப் படத்தில் அந்தக் கை இல்லை. தோளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சின்னப் பூச்சு மட்டும் இருக்கிறது. பெருக்காடி வைத்துப் பார்த்தால் தூரிகை போன தடம் தெரியும்.

பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“அது ஒங்க தாத்தா தங்கச்சி கையில்லா. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவாவ.”

தாத்தாவின் அந்தத் தங்கை கல்யாணமாகிப் போன இடத்தில், முதல் பிரசவத்தில் இறந்துவிட்டாளாம். கட்டிக்கொடுத்த பெண் என்பதால் எங்கள் பட்டாசாலையில் அவளுக்குப் படம் இல்லை. அந்த வீட்டில் இருக்கிறதா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. குரூப் போட்டோவில் ஆச்சிக்கு அடுத்து நின்று, கேமராவைப் பார்க்காமல் ஆச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாடி அறைக்கு முதல் படம் முடிவாகிவிட்டது.

*

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியோடு திரும்பிவிடுகிறார்கள். சித்திர சபைக்குள் போகிறவர்கள் குறைவு. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் அது ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், இங்கே சித்திரம். சுவர் முழுக்க மூலிகை வண்ணத்தில் தீட்டிய ஓவியங்கள். ஆடுகிற நடராசரும் சுவரில் ஓவியமாகவே இருக்கிறார். கல்லும் உலோகமும் இருக்க, சுவரில் தீட்டிய உருவத்தையே சாமியாகக் கும்பிட்ட ஊர் இது. சுவரில் உள்ள முகத்தை எதிரில் இருப்பவராகவே பாவிக்கிற மனம் நமக்கு அங்கிருந்தே வருகிறது என்று நினைக்கிறேன். எங்கள் பெரியம்மா மாலைப் படத்துக்கு முன்னால் நின்று, “போய்ட்டு வாரேன் அத்தை” என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள்.

அப்படிப் பேசுகிறவள், நான் சொன்ன யோசனைக்குச் சம்மதிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் படத்தையும் போய்ச்சேர்ந்தவர்கள் படத்தையும் ஒரே சுவரில் மாட்டக்கூடாது என்றாள். போனவர்கள் படம் தெற்குச் சுவரில், வடக்கே பார்த்து இருக்க வேண்டும். தூங்குகிற இடத்தில் கூடாது. இந்த வழக்கங்களை நான் தட்டிப் பேச மாட்டேன். இழந்தவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கி, அங்கே விளக்கு வைத்து, மற்ற நேரம் அன்றாட வேலையைப் பார்க்க மனிதர்களுக்கு உதவியவை இவை.

கடைசியில் நாங்கள் இருவரும் வந்து சேர்ந்த இடம் இது. மாலை போட்ட படம் எதுவும் மாடிக்குப் போகாது. பொட்டு வைப்பதில்லை, பூ வைப்பதில்லை. தனி ஆளாக நிற்கிற படமும் வேண்டாம். ஆட்கள் சேர்ந்திருக்கிற படங்கள் மட்டும். தாத்தா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, கேரியரில் அப்பா. பழைய குற்றாலத்தில் ஈரத்துண்டோடு சித்தப்பாக்கள். வளைகாப்பில் ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்திருப்பது. “இது சரி, இதுல யாரும் சாகல” என்றாள் பெரியம்மா.

*

சிநேகிதர்கள் படம் நம் வீடுகளில் சுவருக்கு வருவதே இல்லை. ஆல்பத்தோடு சரி. கடையநல்லூரிலிருந்து அப்பாவைப் பார்க்க வாராவாரம் வந்த ஒருவர் இருந்தார். மாமா என்றுதான் கூப்பிடுவோம். பெருநாளைக்கு அவர் வீட்டுப் பிரியாணி வரும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்குத் தூக்கு போகும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இரவுகளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர். அவரும் அப்பாவும் செங்கோட்டை ரயில் நிலைய நடைமேடையில் டீ குடிக்கிற படம் ஒன்று இருக்கிறது. யார் எடுத்ததோ, கொஞ்சம் ஆடியிருக்கிறது. அதை ஆச்சி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். ரத்த உறவுக்கு மட்டும் ஆணி அடிக்கிற வழக்கத்தை நாம் விட்டுவிடலாம்.

*

கைவேலை பற்றிச் சில.

சாரல் காலத்தில் எங்கள் மேற்குச் சுவர் ஓதம் அடிக்கும். உள்ளங்கையை வைத்தால் ஜில்லென்றிருக்கும். அந்தச் சுவரில் படம் கூடாது. வெயில் நேராக விழுகிற சுவரிலும் கூடாது. மிஞ்சியது கிழக்கே உள்ள உட்சுவர்.

கருப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளியால் ஆனவை. ஒழுங்காகக் கழுவி எடுத்தவை அசையாமல் நிற்கின்றன. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்தது. அதன் ‘இந்து’ தாளில் அச்சிட்ட எங்கள் வீட்டுப் படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. எண்பதுகளின் கலர் படங்கள்தான் பாவம். பெட்டிக்குள் இருட்டில் இருந்தும் செம்மை பாய்ந்துவிட்டன. அந்தக் காலத் தாளில் இருந்த சாயங்களில் நீலப்பச்சை முதலில் வெளுத்துப்போக, சிவப்பு மேலோங்கிவிட்டது. அக்காவின் கல்யாணப் படத்தில் வாழைமரமும் சிவப்பு.

அதனால் அசலை மாட்டவில்லை. ஸ்கேன் செய்து நகல் போட்டு, அசலைப் பெட்டிக்கே திருப்பிவிட்டேன். சட்டம் போடும் கடையில் சாமி படங்களுக்குப் போடுவது போலக் கண்ணாடியை நேராகப் படத்தின்மேல் வைத்து அடிக்கப் பார்த்தார்கள். நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொன்னேன். இடைவெளி இல்லாவிட்டால், ஈரக்காற்றில் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய படம் உங்கள் வீட்டில் இருந்தால் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடு வைத்தே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரம்: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலே முக்கால் அடி இருக்கட்டும் என்பது கண்காட்சிக் கூடங்களில் சொல்கிற கணக்கு. அது நின்று பார்ப்பவர்களுக்கு. இந்த அறையில் பார்க்கப்போகிறவர்கள் படுத்திருப்பார்கள். கட்டிலில் படுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறக்கிக் குறி போட்டேன்.

*

ஆடியில் சென்னையிலிருந்து சித்தப்பா பேத்தி வந்திருந்தாள். கல்லூரிப் பெண், இந்த வீட்டில் அதிகம் தங்கியதில்லை. வந்த அன்று போனும் கையுமாக இருந்தாள். மறுநாள் காலை காபி கொண்டுபோனபோது சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“பெரியப்பா, இது நானா?”

அவள்தான். கைக்குழந்தையாக, பெரியம்மா மடியில், எண்ணெய் பூசிய உடம்போடு. அந்தப் படம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பிறகு ஒவ்வொருவராக யார் யார் என்று கேட்டாள். தோளில் கை வைத்தவளிடம் வந்தபோது, அவள் பெயரைச் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்து எத்தனையோ காலமாகியிருக்கும்.

வந்து தங்குகிறவர் தன் முகத்தையோ தன்னைச் சேர்ந்த ஒருவர் முகத்தையோ அந்தச் சுவரில் காண வேண்டும். அறையை அழகுபடுத்துவது இரண்டாம் பட்சம். யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்தால், முன்னாடியே ஒரு சட்டத்தில் படத்தை மாற்றி வைத்துவிடுகிறேன்.

*

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் வழியாகத் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். மிக நல்ல காரியம். ஆனால் படத்தில் இருப்பவர் பெயரை எந்த நிறுவனமும் கண்டுபிடித்துத் தர முடியாது. அந்த வீட்டில் மூத்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

உங்கள் வீட்டிலும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்க்க ஒரு பெரியம்மாவோ அத்தையோ இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தோடு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், உறவு, ஊர், தெரிந்தால் வருஷம். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். பென்சிலில், அழுத்தாமல் எழுதுங்கள்.